கரிப்பெட்டியில் முழுப் பன்றி: முதல் தடவை, வழி சொல்லுங்கள்

கேட்டவர்: மண்சட்டி

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் வீட்டில் ஒரு விசேஷம். 40 பேர் வரை வருவார்கள். முழுப் பன்றியாகச் சுட்டுப் பரிமாறலாம் என்று பேசி முடித்தாகிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் தன்னிடம் இருந்த கரிப்பெட்டியைக் கொடுத்திருக்கிறார். வெளியே மரம், உள்ளே உலோகத் தகடு. மூடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தட்டு, அதன்மேல்தான் கரியைக் கொட்ட வேண்டுமாம். உள்ளளவு நீளம் 4 அடிக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 2 அடிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கம்பித் தட்டுகளும் நான்கு கொக்கிகளும் கூட வந்தன. குறிப்புத்தாள் எப்போதோ தொலைந்துவிட்டதாம்.

துண்டுக் கறி சமைத்துப் பழக்கம் உண்டு. முழு விலங்கை இதுவரை தொட்டதில்லை. எத்தனை கிலோ வாங்குவது? நெருப்பு மேலே மட்டும் இருந்தால் அடிப்பக்கம் எப்படி வேகும்? தோல் மொறுமொறுப்பாக வருமா, சவசவவென்று நின்றுவிடுமா? எல்லாவற்றையும் விடப் பெரிய பயம், தொடையில் எலும்பை ஒட்டிய இடம் பச்சையாக இருந்துவிடுமோ என்பதுதான். வந்தவர்களுக்கு வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தாங்காது. அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பதில்: தணல்

நண்பரே, நல்ல பெட்டி கைக்கு வந்திருக்கிறது. முழுப் பன்றிக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. குழி தோண்ட வேண்டாம், கம்பியில் கோத்து மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கவும் வேண்டாம். கியூபாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பல குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்கு இந்தப் பெட்டியில்தான் பன்றி சுடுகிறார்கள். "லா காஹா சீனா" என்ற பெயரில் மயாமியிலிருந்து 1980களில் விற்பனைக்கு வந்ததுதான் உலகம் முழுக்கப் பரவியது. உங்களுடையது அதுவோ, அதைப் பார்த்து யாரோ அடித்ததோ, வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

அடிப்பக்கம் எப்படி வேகும் என்று கேட்டீர்களே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மேலே கிடக்கும் தணல் அந்த உலோகத் தட்டைக் காய்ச்சுகிறது. காய்ந்த தட்டு கீழே பார்த்து அனல் வீசுகிறது. பக்கத் தகடுகள் அந்த அனலைத் திருப்பி உள்ளேயே அனுப்புகின்றன. கறியிலிருந்து கிளம்பும் ஆவிக்கு வெளியேற வழி குறைவு, அதனால் உள்ளே காற்று சூடாகவும் ஈரமாகவும் நிற்கிறது. மேல்பக்கம் அனலில் சுடப்படுகிறது, கீழ்பக்கம் சூடான ஈரக்காற்றில் மெதுவாக வேகிறது. ஆகவே முதல் கட்டம் முழுக்கத் தோல் கீழே, விலா மேலே. கடைசியில் திருப்பிப் போட்டுத் தோலை நெருப்புக்குக் காட்டுகிறோம். இந்த ஒரு திருப்புதல்தான் முழு வேலையிலும் சூட்சுமமான இடம்.

எடை. உயிரெடையைக் கேட்காதீர்கள், குடலெடுத்துச் சுத்தம் செய்த எடையைக் கேளுங்கள். தலை, எலும்பு, உருகி வடியும் கொழுப்பு, ஆவியாகும் நீர் எல்லாம் போக, தட்டுக்கு வரும் கறி பாதிக்கும் குறைவுதான். ஒருவருக்கு 600 முதல் 700 கிராம் என்று கணக்கு வையுங்கள். 40 பேருக்கு 24 முதல் 28 கிலோ. உங்கள் பெட்டிக்கு அது தாராளமாகக் கொள்ளும். ஆனால் எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை எவ்வளவு நீளம் என்று கறிக்கடைக்காரரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். எந்தப் பக்கமும் உலோகச் சுவரில் முட்டக்கூடாது. முட்டுகிற இடம் கருகும், அதற்குப் பக்கத்து இடம் வேகாது. கால்களை முட்டியோடு வெட்டிவிடச் சொன்னால் நிறைய இடம் மிச்சமாகும்.

கறிக்கடையில் சொல்ல வேண்டியது இன்னொன்று, இதை எழுதியே கொடுத்துவிடுங்கள். வயிற்றுப் பக்கமிருந்து முதுகெலும்பை நீளவாக்கில் பிளந்து, பன்றியைப் புத்தகம் போல விரித்துத் தர வேண்டும். இடுப்பெலும்பையும் பிளக்க வேண்டும். ஆனால் கத்தி முதுகுத் தோலைத் தாண்டி வெளியே வரவே கூடாது. முதல் கட்டத்தில் அந்தத் தோல்தான் சாறு தேங்கும் தட்டு. அதில் ஓட்டை விழுந்தால் சாறெல்லாம் வடிதட்டுக்குப் போகும், திருப்பும்போது அதே இடத்தில் கிழிந்தும் போகும். விரித்து வைத்த பன்றி ஒரே கனமாகக் கிடக்கும். விரிக்காமல் அப்படியே வைத்தால் தொடை ஒரு நேரம் வேகும், விலா ஒரு நேரம் வேகும்.

உறையவைத்த பன்றி என்றால் மூன்று நான்கு நாள் முன்பே குளிரில் வைத்து இளகவிட வேண்டும். வெளியே தொட்டால் மெத்தென்று இருக்கும், தொடை மூட்டுக்குள் பனிக்கட்டி இருக்கும். மெல்லிய கத்தியைத் தொடை மூட்டுக்குள் எலும்பு வரை செருகிப் பாருங்கள். நெறநெறவென்று தட்டினால் இன்னும் இளகவில்லை. நீங்கள் பயப்படும் "எலும்போரம் பச்சை" வருவதற்கு முக்கியக் காரணமே இதுதான், நெருப்பின்மேல் குற்றமில்லை.

முந்தின நாள் சாயங்காலம், கறிக்குள் சாறு ஏற்றும் பெரிய ஊசியால் உப்புநீர் ஏற்றுங்கள். ஆரஞ்சு, எலுமிச்சைச் சாறோடு தண்ணீர் கலந்து ஒரு லிட்டர், அதற்கு 50 முதல் 60 கிராம் உப்பு, நசுக்கிய பூண்டு நிறைய, சீரகம், ஆரிகனோ. ஒரு கொதி விட்டு, நன்றாக ஆறவைத்து, துணியில் வடிகட்டிய பிறகுதான் ஊசிக்குள் போக வேண்டும். வடிகட்டாவிட்டால் பூண்டுத் துணுக்கு ஊசியை அடைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு லிட்டர் போதும். தொடை, முன்சப்பை இரண்டுக்கும்தான் அதிகம், முதுகுக்கறிக்குக் கொஞ்சம். எல்லாம் உள்பக்கமிருந்தே குத்த வேண்டும், தோல்பக்கமிருந்து ஒரு குத்துக்கூட வேண்டாம். ஊசியைச் செருகி, மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டே அழுத்துங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே மட்டும் உப்புக் கட்டியாக நிற்கும்.

தோல்மேல் மசாலா, எண்ணெய், சாறு எதையும் தடவாதீர்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. தோல் மொறுமொறுப்பாக வர அதிலிருக்கும் ஈரம் போக வேண்டும், நீங்கள் வேறு ஈரத்தைச் சேர்க்கக் கூடாது. துணியால் அழுத்தித் துடைத்து, உப்பை மட்டும் தேய்த்து வையுங்கள். இரவு முழுக்கக் குளிர்ச்சியில் இருக்கட்டும். அவ்வளவு பெரிய குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் பெரிய ஐஸ்பெட்டியில், ஐஸை மூட்டையாகக் கட்டி, அதன் தண்ணீர் பன்றிமேல் படாதபடி வைக்கலாம். காலையில் வெளியே எடுத்ததும் திரும்பவும் துடைக்க வேண்டும்.

இனி நெருப்பு. ஒரே அளவாக அச்சிட்ட கரிக்கட்டிகள் நல்லது, சூடு சீராக நிற்கும். வெறும் மரக்கரி சட்டென்று உச்சிக்குப் போய்ச் சட்டென்று இறங்கும். உங்கள் அளவுப் பெட்டிக்கு ஆரம்பத்தில் 8 முதல் 9 கிலோ. தட்டின் இரண்டு முனையிலும் இரண்டு குவியலாகக் கொட்டிப் பற்ற வையுங்கள். 20, 25 நிமிடத்தில் மேலே சாம்பல் பூத்துவிடும். அப்போது பரப்பிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 4 முதல் 4.5 கிலோ. தொடையும் சப்பையும் இருக்கும் இரு முனைகளில் கொஞ்சம் அதிகம், நடுவில் கொஞ்சம் குறைவு. விலாவும் முதுகும் சீக்கிரம் வெந்துவிடும். மொத்தம் 30 கிலோ கரி கையில் இருந்தால் நிம்மதி.

பெட்டிக்குள் வைக்கும் முறை: கீழே வடிதட்டு, அதன்மேல் இரண்டு கம்பித் தட்டுக்கும் நடுவில் பன்றி, நான்கு மூலையிலும் கொக்கி மாட்டி இறுக்கம். மூடுவதற்கு முன்பே ஒயர் வைத்த தெர்மாமீட்டர் முனையைப் பின்னந்தொடையின் தடிமனான இடத்தில் செருகி, ஒயரை ஓரமாக வெளியே விட்டுவிடுங்கள். முனை எலும்பைத் தொடக்கூடாது, தொட்டால் பொய்யான எண்ணைக் காட்டும். இன்னொரு முனை இருந்தால் முன்சப்பையில்.

மூடிய பிறகு திறக்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் உள்ளே சேர்ந்திருந்த சூடும் ஆவியும் போய்விடும், திரும்பச் சேர நேரம் பிடிக்கும். "எப்படி இருக்கிறது, ஒரு நிமிஷம் காட்டேன்" என்று வீட்டுக்கு வந்தவர்கள் கேட்பார்கள். காட்டாதீர்கள்.

சாம்பல் ஒரு விஷயம். கரி எரிய எரியத் தணலுக்கும் தட்டுக்கும் நடுவில் சாம்பல் கம்பளமாகப் படிந்து, சூடு கீழே இறங்காமல் தடுக்கும். நிறையப் பேர் கரியைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள், தெர்மாமீட்டரில் எண் நகராது. காரணம் இதுதான். கரி கிடக்கும் வலையைத் தூக்கி உதறி, தட்டில் இருக்கும் சாம்பலைக் கொட்டிவிட்டால் எண் மறுபடி ஏறத் தொடங்கும். திருப்பிப் போடுவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வெந்துவிட்டதா என்பதைக் கடிகாரம் சொல்லாது. பன்றிக்கறிக்குப் பாதுகாப்பான குறைந்தபட்சச் சூடு 63 டிகிரி செல்சியஸ், எடுத்த பிறகு 3 நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும். உங்கள் வயிற்றுப் பயத்துக்கு அந்த எண் போதும், வாய்க்குப் போதாது. தொடையிலும் சப்பையிலும் உள்ள இணைப்புத் திசு கரைந்து, கறி எலும்பிலிருந்து கையால் கழன்று வர 85 முதல் 90 வரை போக வேண்டும். 28 கிலோவுக்கு மூன்றரை மணியிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். குளிர்க்காற்று அடித்தால் இன்னும் கூடும். தொடை 85ஐத் தொட்டதும் திருப்புங்கள்.

திருப்ப இரண்டு பேர், சூடு தாங்கும் கையுறை. தணல் தட்டைத் தூக்கி எங்கே வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து அந்த இடத்தைக் காலியாக வையுங்கள். சில பெட்டிகளில் நீளக் கைப்பிடிகள்மேலேயே வைக்க வசதி இருக்கும். கம்பித் தட்டோடு சேர்த்து ஒரே வீச்சில் திருப்பி, மேல்கம்பியைக் கழற்றிவிடுங்கள். தோலைத் துடைத்து, கத்தி முனையால் கட்டம் கட்டமாக மேலாகக் கீறுங்கள். தோல் மட்டும், கறி வரை போக வேண்டாம். காது, மூக்கு, வால் மூன்றுக்கும் அலுமினியத் தாள் சுற்றுங்கள். கொஞ்சம் உப்பு தூவி மூடி, புதுக்கரி 4 கிலோ போட்டுப் பரப்புங்கள்.

இங்கிருந்து கரிப்பெட்டியை விட்டு நகரக்கூடாது. பத்து நிமிடம் கழித்து ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். முதலில் தோல் பளபளப்பாக வியர்த்து நிற்கும், கீறல் வழியாகக் கொழுப்பு கசியும். அப்புறம் பொன்னிறமாகி, சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பும். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து படபடவென்று சத்தம் வரும். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பாருங்கள். கொப்புளம் எழும்பாத பக்கம் இருந்தால் அதற்கு நேர் மேலே தணலைத் தள்ளுங்கள். எல்லா இடமும் கொப்புளித்ததும் விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று இருக்கும். உடனே எடுங்கள். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவில் நான்கைந்து நிமிடம்தான் இருக்கிறது.

---

பதில்: ஈரவிறகு

தணல் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் கேட்டவருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இந்தப் பெட்டியில் புகை வாசம் வராது. நெருப்பு வெளியே இருக்கிறது, கறி உள்ளே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் தகடு. புகைக்காகவே கரியில் சுடுகிறவன் நான். திறந்த தணலுக்குமேல் கம்பியில் சுற்றிச் சுடும் பன்றியில் வருகிற வாசம் இதில் கிடைக்காது. விருந்தாளிகள் அதை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துவிடுவார்கள். துளையிட்ட சின்ன உலோகப் பெட்டியில் மரச்சிராய் போட்டு, கனிய வைத்து, முதல் மணி நேரம் உள்ளே ஒரு மூலையில் வைத்தால் ஓரளவு வாசம் ஏறும்.

---

பதில்: தணல்

சரியாகச் சொன்னீர்கள். புகை வேண்டுமென்றால் இது உகந்த கருவி அல்ல, மறைக்க ஒன்றுமில்லை. இதன் பலம் வேறு. ஈரம் வெளியே போகாததால் முதுகுக்கறிகூட வறண்டு போகாமல் வரும், கம்பியில் சுற்றும்போது முதலில் வறள்வதே அதுதான். மரச்சிராய் வைப்பதானால் வடிதட்டில் கொழுப்பு சேருவதற்கு முன்பே வைத்து, ஒரு மணி நேரம் கழித்து முதல் தடவை புதுக்கரி சேர்க்கும்போது எடுத்துவிடுங்கள். கனியும் சிராயும் உருகிய கொழுப்பும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது.

---

பதில்: வெளிமுற்றம்

பாதுகாப்பைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை, அதனால் நான் சேர்க்கிறேன். பெட்டியை வெட்டவெளியில், மண் அல்லது கான்கிரீட் தரையில் வையுங்கள். மரத்தளத்தில், கூரைக்குக் கீழே, கார் நிறுத்தும் கொட்டகையில் வேண்டவே வேண்டாம். மழை வந்தாலும் உள்ளே இழுக்காதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து.

அடுத்தது திருப்பும் நேரம். வடிதட்டில் லிட்டர் கணக்கில் உருகிய கொழுப்பு நிற்கும், அதற்கு நேர் மேலே தணல் தட்டைத் தூக்குகிறீர்கள். ஒரு கங்கு உள்ளே விழுந்தால் பற்றிக்கொள்ளும். தட்டைச் சாய்க்காமல், பெட்டிக்கு மேலே நிறுத்தி வைக்காமல், நேராகப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். மீறிப் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொழுப்பு வெடித்துத் தெறிக்கும். மூடியைத் திரும்பப் போட்டுக் காற்றை அடைத்தால் அணையும். தகுந்த தீயணைப்பான் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும், பிளாஸ்டிக்கில் வேண்டாம். மேலே ஆறிப்போனது போலத் தெரியும், உள்ளே மறுநாளும் கங்கு இருக்கும். குழந்தைகள் வருவார்கள் என்றால் பெட்டியைச் சுற்றி ஒரு கயிறு கட்டிவிடுங்கள்.

---

கேட்டவர்: மண்சட்டி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தெர்மாமீட்டர் வாங்க இன்றே சொல்லிவிட்டேன். தணல் அண்ணா, இன்னும் இரண்டு சந்தேகம். மதியம் 1 மணிக்குச் சாப்பாடு என்றால் எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது? சீக்கிரமே வெந்துவிட்டால் என்ன செய்வது? அப்புறம், மிஞ்சினால்?

---

பதில்: தணல்

பின்னாலிருந்து எண்ணுங்கள். 1 மணிக்குத் தட்டில் என்றால் 12.15க்குப் பெட்டியிலிருந்து வெளியே. அரை மணி நேரம் அப்படியே ஆறவிட வேண்டும், சுடச்சுட வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடும். வெட்ட 15 நிமிடம். தோல் வேலைக்கு முக்கால் மணி வைத்தால் 11.30க்குத் திருப்ப வேண்டும். அதற்கு முன் நான்கு மணி நேரம், ஆகவே 7.30க்குத் தணலைப் பரப்ப வேண்டும், 7 மணிக்குப் பற்ற வைக்க வேண்டும். 6 மணிக்குப் பன்றியைக் குளிரிலிருந்து எடுத்துத் துடைத்து, கம்பியில் மாட்டித் தயாராகுங்கள். காற்று அடிக்கும் நாளாக இருந்தால் எல்லாவற்றையும் அரை மணி முன்னால் தள்ளுங்கள்.

சீக்கிரம் வெந்துவிட்டால் நல்லதுதான், ஆனால் காத்திருப்பது திருப்புவதற்கு முன்பாக இருக்கட்டும். தொடை 85ஐத் தொட்டுவிட்டது, நேரம் இன்னும் ஒரு மணி இருக்கிறது என்றால், புதுக்கரி போடாமல் தணலை ஓரங்களுக்குத் தள்ளி, மூடியபடியே விடுங்கள். தோல் கீழே இருக்கும் நிலையில் கறி கெடாது, இன்னும் இளகும். சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் திருப்பித் தோலைப் பொரியுங்கள். மொறுமொறுத்த தோலை மூடிய பெட்டியில் காக்க வைத்தால் ஆவியில் நமத்துவிடும். வெளியே எடுத்த பிறகும் அலுமினியத் தாளால் போர்த்தாதீர்கள். வெட்டும்போது முதலில் தோலை மட்டும் பெரிய பாளங்களாக உரித்துத் தனித் தட்டில் வைத்துவிட்டு, பிறகு கறியைப் பிரியுங்கள்.

பிரிக்கும்போது ஒன்று. முதுகெலும்பு பிளந்த இடத்திலும் விலா ஓரத்திலும் சின்ன எலும்புச் சில்லுகள் இருக்கும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சப்பைக்கறியாகப் பார்த்துப் போடுங்கள், அதில் எலும்பு பெரிது, கழன்று தனியாக வந்துவிடும். தாடைக்கறியை யாரும் கேட்க மாட்டார்கள், காலையிலிருந்து நெருப்போடு நின்றவர்களுக்கு அதை எடுத்து வையுங்கள். முழுப் பன்றியில் அதற்கு இணை எதுவும் இல்லை என்பது என் கட்சி.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பை நீக்கி, ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பிக் குளிரில் வையுங்கள். ஒரே பெரிய குவியலாக வைத்தால் நடுப்பகுதி ஆற நேரம் பிடிக்கும், அங்கேதான் கெடும். மூன்று நான்கு நாளைக்குள் தீர்த்துவிடலாம், அதற்கு மேல் என்றால் உறைய வையுங்கள். வடிதட்டுக் கொழுப்பை ஆறவிட்டு எடுத்துவிடுங்கள், சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்தகட்டைச் சுரண்டிச் சுடுதண்ணீர்த் துணியால் துடையுங்கள். மரத்தை நனைய விடாதீர்கள், இரவல் பெட்டி ஆயிற்றே. பன்றி எடை முடிவானதும் இங்கே எழுதுங்கள், கரிக் கணக்கை ஒரு தடவை சரிபார்த்துச் சொல்கிறேன்.